இடப்பக்கம் நகர்ந்த முகடு

மக்னியாவில் வெட்டியெடுத்த மண்
சாக்கில் வந்து இறங்குகிறது.
சாம்பலுக்கும் சந்தனத்துக்கும் இடைப்பட்ட நிறம்.
பூஜெமா லாரிக்கதவை அறைந்து சாத்த
ஆய்வகத்து ஜன்னல்கள் ஒருமுறை இருமி அடங்கும்.

என் வேலை கழுவுவது.
உப்புநீரில் ஊறவைத்து, கலக்கி,
மணல் தாழக் காத்திருந்து
மிதப்பதை மட்டும் வடித்தெடுத்து
மறுபடி கழுவுவது.
வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விடுவேன்.
பால் திரிந்ததுபோல் வெண்மை எழுந்தால்
உப்பு இன்னும் போகவில்லை.
ஏழாம் கழுவலிலும் திரிந்தது.
எட்டாவதில்
வெறும் தண்ணீர்,
பொய் சொல்லத் தெரியாத தண்ணீர்.

ஒரு சிட்டிகைக்குள்
ஒரு சின்ன வயலே மடிந்து கிடக்கிறது என்பாள் வஸீலா.
ஆனால் ஏடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன,
மழையில் நனைந்த கணக்கு நோட்டுப்போல.
ஈரம் பட்டால் உப்பும்,
காய்ந்தால் வாயை மூடிக்கொள்ளும்.
"இந்த மண்ணுக்கு மனசு உண்டு, முதுகெலும்புதான் இல்லை."

ஆகவே தூண்.
அலுமினியக் குளோரைடில் காரத்தைச்
சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.
பதின்மூன்று அலுமினிய அணுக்கள்
கைகோத்து உருண்டையாகும்.
அது சோடியத்தை வெளியே அனுப்பிவிட்டு
ஏடுகளுக்கு நடுவே போய் அமரும்.
பிறகு உலை, ஐந்நூறு பாகை.
நீர் போகும்,
உருண்டை கல்லாகும்,
கூரை நிற்கும்.

முதல்முறை நிற்கவில்லை.

சொட்டுக்குழாயை நான்தான் கூட்டித் திருகிவிட்டு
நடைவழிக்கு ஓடினேன்.
வுஜ்தாவிலிருந்து ரஹ்மூனா.
என் தங்கை வீடு இங்கிருந்து பார்த்தால்
அந்த மலைக்குப் பின்னால்தான்.
போகவேண்டுமென்றால்
தூனிஸ் சுற்றி இரண்டு விமானம்.
நடுவில் மூடிய எல்லை,
நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து மூடியது.
அவள் மகனுக்கு முன்பல் ஆடுகிறதாம்.
நான் தொட்டுப் பார்த்திராத பிள்ளை.

திரும்பி வந்தபோது
குடுவை கஞ்சித்தண்ணீராய்க் கலங்கியிருந்தது.
சொல்லாமல் கலந்தேன். சொல்லாமல் சுட்டோம்.
ஓரானிலிருந்து வரைபடம் வந்தது.
முகடு வலப்பக்கம் சரிந்திருந்தது.
நின்ற வீடு இடப்பக்கம் தெரியும்,
இடிந்தது வலப்பக்கம்.
ஒன்பதரை ஆங்ஸ்ட்ராம்:
ஏட்டின்மேல் ஏடு,
நடுவில் மூச்சுவிடவும் இடமில்லை.

வஸீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"யார் கூப்பிட்டது?"
"தங்கை."
"அடுத்த தடவை பேசிக்கொண்டே விடு.
கையை மட்டும் எடுக்காதே."

அடுத்த தடவை
கைபேசியைத் தாங்கியில் சாய்த்து வைத்தேன்.
அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கியது.
இந்தப் பக்கம் காரம் விழுந்தது.
"அது என்ன சத்தம்?"
"சொட்டு."
"குழாய் ஒழுகுதா?"
"இல்லடி, ஒழுக விடுறேன்."
நான்கு மணிநேரம்.
பேச ஒன்றுமில்லாமல் போன பின்பும்
யாரும் துண்டிக்கவில்லை.
அவள் பாத்திரம் கழுவினாள், யாரையோ திட்டினாள்,
கொட்டாவி விட்டாள்.
குடுவை கடைசிவரை
கண்ணாடிபோல் இருந்தது.

சுட்ட மண்ணை அள்ளிக்கொண்டு
மிலூதின் ஆலிவ் செக்குக்குப் போனோம்.
செக்குக்குப் பின்னால் குட்டையில்
கழிவுநீர் தார்போல் நின்றது.
அதன் கரையில் புல் முளைத்து நான் பார்த்ததில்லை.
மண் வழியாக ஊற்றினோம்.
தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
கருப்பு, கடுந்தேநீராயிற்று.
"குடிக்கலாமா?" என்றார் மிலூத்.
"நீங்கள் முதலில்" என்றாள் வஸீலா.
கிழக்கிலிருந்து வந்த காற்றிலும் அதே நாற்றம்,
கொஞ்சம் குறைச்சலாக,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வரைபடம் வந்தது.
பதினெட்டு.
முகடு இடப்பக்கம்,
ஒல்லியாக, நிமிர்ந்து.
வஸீலா ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த சாக்கைப் பிரிக்கச் சொன்னாள்.
நான் படமெடுத்து ரஹ்மூனாவுக்கு அனுப்பினேன்.

"இது எந்த மலை?" என்று கேட்டாள்.
தட்டச்சினேன், அழித்தேன்,
மறுபடி தட்டச்சினேன்:
"மலை இல்லை. நடுவில் இடம் இருக்கு என்று அர்த்தம்."

பதிலுக்கு ஒரு படம்.
பையன் சிரிக்கிறான்,
பல் விழுந்த இடத்தில்
நாக்கை நுழைத்துக்கொண்டு.